வானநூலறிஞர் போக்சன்

சென்னை மாநகரில் நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு நிலையம் அமைந்துள்ளது. அதன் வளாகத்தினுள் உயர்ந்த கருங்கல் தூண் ஒன்று நிற்பதை இன்றும் காணலாம். அதன் உயரம் ஏறத்தாழப் பதினைந்து அடி. எடை பத்து டன் என்பர். தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட பல மொழிகளில் அதன்மீது எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கிழக்கிந்தியக் கும்பினியார் 1792-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவினர். கருவிகள் அசையாது நிற்றற்பொருட்டு நாட்டப்பெற்ற தூணே அது. கூடம் இன்று இல்லை. தூண் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அக்கூடத்தில் முப்பது ஆண்டுகள், ஒரு நாளேனும் தாய்நாடு திரும்பாது, இரவெல்லாம் விழித்திருந்து சிறு கோள்களையும் வால்மீன்களையும் தேடிய ஒருவர் வாழ்ந்தார். அவரே நார்மன் இராபர்ட் போக்சன் என்பவர்.

போக்சன் இங்கிலாந்து நாட்டில் நாட்டிங்காம் நகரில் 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் நெசவுத்தொழிலால் பொருளீட்டிய வணிகர். மகனும் தம் தொழிலையே மேற்கொள்ளல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மைந்தரின் உள்ளமோ கடையில் நில்லாது கணக்கிலும் வானிலும் ஓடிற்று. அன்னையார் அதனை உணர்ந்து துணை நின்றார். பதினெட்டு வயது நிரம்புமுன்னரே அவ்விளைஞர் இரு வால்மீன்களின் செல்நெறியைத் தாமே கணித்து முடித்தார். அந்நாளில் வால்மீனின் பாதையைக் கணித்தல் எளிய செயலன்று. பக்கம் பக்கமாக எண்களைப் பெருக்கியும் வகுத்தும் செல்லவேண்டும்; இடையில் ஓர் எண் பிழைபடின் அனைத்தும் பாழாம். அம்முயற்சியில் அவருக்கு வழிகாட்டியவர் சிறு கோள்கள் பலவற்றைக் கண்டறிந்த ஹைண்டு என்னும் அறிஞர். அவர் வாயிலாகவே போக்சன் 1851-ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த ஒரு தனியார் வானாய்வுக் கூடத்தில் பணி பெற்றார். அடுத்த ஆண்டே ஆக்ஸ்போர்டு நகரின் இராட்கிளிஃப் வானாய்வுக் கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

இவ்விடத்தில் சிறு கோள்கள் யாவை என்பதனைச் சிறிது அறிந்துகொள்ளல் நலம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள வெளி பிற கோள்களின் இடைவெளியை நோக்க மிகப் பெரிது. அங்கே ஒரு கோள் இருத்தல் வேண்டும் என வானநூலார் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1801-ஆம் ஆண்டின் முதல் நாளிரவு, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் பியாசி என்னும் துறவி ஆங்கு ஒரு கோளைக் கண்டார். சீரிசு எனப் பெயர்பெற்ற அது நிலவினும் மிகச் சிறிதாயிருந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் மேலும் மூன்று அகப்பட்டன. பின்னர் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒன்றும் தென்படவில்லை. 1845-க்குப் பின்னரோ ஆண்டுதோறும் புதியன வெளிப்படலாயின. தொலைநோக்கியிற் காணுங்கால் இவை விண்மீன்களைப் போன்று வெறும் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றும். அவற்றை எங்ஙனம் பிரித்தறிவது? வானின் ஒரு சிறு பகுதியிலுள்ள புள்ளிகள் அனைத்தையும் தாளில் வரைந்துகொண்டு, மறுநாளிரவு அத்தாளையும் வானையும் ஒப்புநோக்க வேண்டும். யாதேனும் ஒரு புள்ளி இடம் பெயர்ந்திருப்பின் அது விண்மீனன்று, கோளே. நூறு இரவுகள் ஒப்புநோக்கியும் ஒன்றும் பெயராதிருத்தலும் உண்டு. கண்ணும் பொறுமையுமே இத்தொழிலுக்குரிய முதல்.

ஆக்ஸ்போர்டில் போக்சன் 1856-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாளிரவு தம் முதற் கோளைக் கண்டார். அதற்கு ஐசிசு எனப் பெயரிடப்பெற்றது. அஃது எகிப்தியர் வணங்கிய ஒரு பெண் தெய்வத்தின் பெயர். ஆக்ஸ்போர்டைத் தழுவி ஓடும் தேம்சு ஆற்றுக்கும் ஆங்கு அப்பெயர் வழங்கும். எல்லாவற்றிற்கும் மேலாகப் போக்சனின் சிறு மகளுக்கும் அதுவே பெயர். நான்கு வயதும் நிரம்பாத குழந்தையின் பெயர் வானில் நிலைபெற்றது. மறு ஆண்டில் அரியாட்னி, எசுட்டியா என்னும் மேலும் இரண்டினை அவர் கண்டறிந்தார்.

அதே 1856-ஆம் ஆண்டில் அவர் செய்த மற்றொரு செயலே அவர் பெயரை உலகெங்கும் நிலைநாட்டிற்று. பண்டைக் கிரேக்கர் கண்ணுக்குப் புலனாகும் விண்மீன்களை ஆறு தரமாகப் பகுத்திருந்தனர். மிக்க ஒளியுடையன முதல் தரம். அரிதிற் காணத்தக்கன ஆறாம் தரம். ஆயினும் ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள வேறுபாடு இத்துணை என எவரும் வரையறுக்கவில்லை. ஒருவர் எட்டாம் தரம் என்றதை மற்றொருவர் ஒன்பதாம் தரம் என்பார். சிறு கோள்களைத் தேடுவோர்க்கு இதனால் நேர்ந்த இடர் பெரிது. எத்துணை ஒளியுடன் தோன்றும் என அறியாது தேடின் கண்ணெதிரே நிற்பதும் தப்பிவிடும். போக்சன் முப்பத்தாறு சிறு கோள்கள் அடுத்த ஆண்டின் ஒவ்வொரு திங்களிலும் எத்துணை ஒளியுடன் விளங்கும் எனக் கணித்து ஓர் அட்டவணை அமைக்கப் புகுந்தார். அதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைப்போல் நூறு மடங்கு ஒளியுடையது என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடாயிருந்தது. இடையிலுள்ள படிகள் ஐந்து. எந்த எண்ணை ஐந்து முறை பெருக்கின் நூறு வருமோ, அதுவே ஒரு படியின் அளவாதல் வேண்டும். அவ்வெண் 2.512 ஆகும். ஓர் அட்டவணைக்கென அவர் கொண்ட அவ்வளவை இன்றளவும் உலக முழுதும் வானநூலார் மேற்கொள்கின்றனர். போக்சன் அளவு என்பது அதன் பெயர்.

1859-ஆம் ஆண்டில் ஹார்ட்வெல் என்னுமிடத்திலிருந்த செல்வர் ஒருவரின் வானாய்வுக் கூடத்தை அவர் மேற்பார்த்தார். மறு ஆண்டின் இறுதியில் சென்னை அரசின் வானநூலறிஞராக நியமனம் பெற்றார். மனைவியுடனும் மக்களுடனும் கப்பலேறி 1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக் கரையில் இறங்கினார். அப்போது அவர்க்கு அகவை முப்பத்திரண்டு நிரம்பவில்லை.

சென்னைக் கூடம் பெருமை மிக்கதேனும் சிறியது. பணியாளரும் சிலரே. கோடையில் வெப்பம், ஐப்பசி, கார்த்திகையில் மழைமேகம். ஆயினும் இங்கிலாந்துக்கு இல்லாத ஒரு பேறு சென்னைக்கு உண்டு. அது நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பதின்மூன்று பாகையிலேயே அமைந்தது. ஆதலின் வடவான் மீன்களோடு தென்வான் மீன்களில் மிகப் பலவும் ஆங்குத் தோன்றும். போக்சன் காலந்தாழ்த்தினாரல்லர். வந்திறங்கிய சில திங்களுக்குள்ளேயே, 1861-ஆம் ஆண்டு ஏப்பிரல் 17-ஆம் நாளிரவு, நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு புதிய சிறு கோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பெற்ற முதற் சிறு கோள் அதுவே. அதனால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். கிரேக்க, உரோமப் பழங்கதைகளின் பெயர்களே பெரிதும் வழங்கிவந்த அவ்வரிசையில் அறுபத்தேழாவதாக நம் கண்டத்தின் பெயர் இடம்பெற்றது. பின்னர் 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வீரா என்னும் நான்கும் சென்னையிலேயே கண்டறியப்பட்டன. 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் விருச்சிக மண்டலத்தில் திடீரென ஒளிவிட்டு மங்கிய விண்மீன் ஒன்றையும் அவர் குறித்துவைத்தார். சில ஆண்டுகட்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வெடித்தெழும் இயல்புடைய அவ்விண்மீன் கடைசியாக 2022-ஆம் ஆண்டிலும் அவ்வாறே ஒளிவிட்டது.

இத்தொழிலில் போக்சனுக்கு வலக்கையாக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். அவர் பஞ்சாங்கம் கணிக்கும் குடியிற் பிறந்தவர். இளமையிலேயே கூடத்தில் பணிபுரியத் தொடங்கித் தம் திறமை ஒன்றினாலேயே முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றபோது, நிசாம் நாட்டிலுள்ள வனபர்த்திக்குத் தனியே ஒரு குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பு ஆச்சாரியாரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1872-இல் அவர் இலண்டன் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். அப்பெருமை எய்திய முதல் இந்தியர் அவரே. 1874-ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லும் நிகழ்ச்சியைப் பொதுமக்கள் உணரும்பொருட்டுத் தமிழிலும் பிற மொழிகளிலும் அவர் நூல் வெளியிட்டார். 1880-இல் அவர் மறைந்தமை போக்சனுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பாயிற்று.

மசூலிப்பட்டினத்தில் போக்சன் கண்டது யாது என்பதும் கருதற்பாலது. சூரியன் முற்றும் மறைந்த அச்சில நிமிடங்களில், அதன் விளிம்பில் எழுந்த செந்நிறப் பிழம்புகளின் ஒளியை நிறமாலைக் கருவியினூடே நோக்கினார். ஒளிக்கோடுகள் சில தோன்றின. அவற்றுள் மஞ்சள் நிறக்கோடு ஒன்று சோடியத்திற்குரிய இடத்தை அடுத்திருந்தது. ஆயினும் அதனோடு சரியாகப் பொருந்தியதென அவர்க்குத் துணிவு பிறக்கவில்லை. அக்கோடு ஈலியம் என்னும் புதுத் தனிமத்திற்குரியது. அத்தனிமம் மண்ணுலகில் பிரித்தெடுக்கப்பட்டது 1895-ஆம் ஆண்டில். அப்போது போக்சன் உயிருடன் இல்லை. அவரது கிரகண அறிக்கை சென்னையளவில் அச்சாயிற்றேயன்றி ஐரோப்பிய அறிஞரிடையே பரவவில்லை. கண்டதைக் காலத்தில் வெளியிடாமை அவர் வாழ்வில் பலமுறை நேர்ந்த குறை.

அவர் வாழ்வின் மிக வியத்தகு நிகழ்ச்சி 1872-ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்தது. பீலா வால்மீன் என ஒன்று இருந்தது. ஆறே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் அது, 1846-ஆம் ஆண்டில் வானநூலார் கண்ணெதிரேயே இரண்டாகப் பிளந்தது. 1852-இல் இரு துண்டுகளும் விலகி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதன்பின் அவற்றைக் கண்டார் எவருமிலர். 1866-இல் நல்வாய்ப்பு இருந்தும் தேடியவர் அனைவரும் ஏமாந்தனர். 1872-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாளிரவு, அவ்வால்மீனின் பாதையைப் பூமி குறுக்கிட்டபோது, ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான எரிமீன்கள் மழைபோற் பொழிந்தன. செர்மனி நாட்டுக் கெட்டிங்கன் நகரிலிருந்த கிளிங்கர்ஃபூசு என்னும் வானநூலார் இதனைக் கண்டு ஓர் எண்ணம் கொண்டார். வால்மீனே பூமியை உரசிச் சென்றிருப்பின், அது வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் இப்போது விலகிச் சென்றுகொண்டிருக்கவேண்டும். அத்திசையோ தென்வானில் சென்டாரசு மண்டலத்தின் தீட்டா என்னும் விண்மீனுக்கு அருகில் அமைந்தது. கெட்டிங்கனிலிருந்து அவ்விடத்தைக் காண இயலாது. காணத்தக்க இடத்தில், அதற்குரிய திறமையுடன் இருப்பவர் யார் என அவர் எண்ணினார். அப்போது இந்தியாவுக்குத் தந்திக்கம்பி அமைந்து நெடுங்காலமாகவில்லை. நவம்பர் 30-ஆம் நாள் சென்னைக்கு ஒரு தந்தி பறந்தது. பீலா 27-ஆம் நாள் பூமியைத் தொட்டது, தீட்டா விண்மீனருகே தேடுக என்பது அதன் கருத்து.

கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழையின் காலம். குறித்த இடமோ கதிரவன் எழுமுன் சிறிது நேரமே கீழ்வானின் தென்புறத்தில் தோன்றும். போக்சன் விடியுமுன் எழுந்து காத்திருந்தார். முதலில் மேகமே கவிந்து நின்றது. டிசம்பர் மாதத்தின் முதல் நாட்களில் ஒருநாள் வைகறையில் மேகம் சிறிது விலகிற்று. தந்தி சுட்டிய இடத்தையடுத்து, வட்டமாய், நடுவில் ஒளி மிக்கதாய், மெல்ல நகரும் ஒரு பொருள் தொலைநோக்கியிற் புலப்பட்டது. ஐயமின்றி அது வால்மீனே. விரைந்து அதன் இடத்தை அளந்தார். மறுநாள் வைகறையிலும் அதனைக் கண்டு மீண்டும் அளந்தார்; அன்று மங்கலான வாலும் தெரிந்தது. இன்னும் ஒரேயொரு வைகறை வேண்டும். வால்மீன் ஒன்றின் பாதையை வரையறுக்க மூன்று அளவுகள் இன்றியமையாதன; இரண்டு கொண்டு எத்துணைப் பெருங்கணிதரும் ஒன்றும் செய்ய இயலாது. பதினெட்டு வயதிலேயே வால்மீன் பாதை கணித்தவர்க்கு இஃது எவரினும் நன்கு தெரியும். மூன்றாம் வைகறையில் மேகம் மூடிற்று. அதன்பின் அப்பொருள் கதிரொளியில் மறைந்தது. அதனை மீண்டும் கண்டவர் எவருமிலர்.

போக்சன் கண்டது பீலாவின் துண்டுதானா? பின்னாளில் கணித்தவர்கள் அன்று எனவே துணிந்தனர். பீலா அவ்விடத்தைப் பல வாரங்களுக்கு முன்னரே கடந்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், தவறான கருத்தில் எழுந்த தந்தி ஒன்று சுட்டிய இடத்தருகே, அதனோடு தொடர்பில்லாத வேறொரு வால்மீன் தற்செயலாய் நின்றது என்றே கொள்ளவேண்டும். மேகம் மறைக்காதிருப்பின் இவ்வையம் அப்போதே தீர்ந்திருக்கும். பிறராயின் இரண்டு அளவுகளோடு மூன்றாவதையும் ஊகித்துச் சேர்த்துப் புகழ்தேட முயன்றிருத்தல் கூடும். போக்சன் கண்டதனைக் கண்டவாறே எழுதினார், காணாததை எழுதவில்லை.

அவர்தம் இல்வாழ்க்கை துயரம் சூழ்ந்தது. பதினொரு மக்களைப் பெற்ற மனைவியார் 1869-இல் சென்னையில் காலமானார். ஐசிசு என்னும் மகளுக்கு அப்போது வயது பதினேழு. இளையோரைப் பேணும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. அதனோடு தந்தையின் கூடத்திலும் அவர் உதவத் தொடங்கினார். 1873-இல் முறையாக உதவியாளர் பதவியும் பெற்றார். தந்தையார் தொலைநோக்கியிற் கண்டு கூறுவனவற்றைக் குறித்தல், எண்களைச் சரிபார்த்தல், காற்றும் மழையும் அளத்தல் ஆகிய பணிகளை இருபத்தைந்து ஆண்டுகள் அவர் இயற்றினார். 1883-இல் போக்சன் மறுமணம் புரிந்துகொண்டார்.

பகலிலும் ஓய்வில்லை. அந்நாளில் இந்திய இருப்புப்பாதைகளில் வழங்கிய நேரம் சென்னை நேரமே. அந்நேரத்தைப் பிழையின்றி வரையறுப்பது இக்கூடத்தின் கடமை. விண்மீன்களின் இடங்களை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அளந்து எழுதும் பணியும் இருந்தது. 1868-க்கும் 1885-க்கும் இடையே அவர் புதுக்கோள் எதனையும் காணாமைக்கு இச்சுமை ஒரு காரணமாகலாம். மேலும் உதவியாளர் வேண்டுமென அவர் கேட்டபோதெல்லாம் அரசு செவிசாய்க்கவில்லை. அளந்த அளவுகளோ கையெழுத்துப்படிகளாகவே குவிந்தன. அவற்றைக் கணக்கிட்டு அச்சிடாமை குறித்து மேலிடத்தார் கடிந்தனர். அரைகுறையாக வெளியிடுவதினும் வெளியிடாதிருத்தலே மேல் என்பது அவர் போக்கு. யாருக்கும் எளிதில் இணங்கும் இயல்பும் அவரிடம் இல்லை. கடிந்தவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. அறிவுத்துறையில் பெட்டியினுள் பூட்டிய உண்மை பிறர்க்குப் பயன்படுவதில்லை. ஆனால் பலர் செய்யவேண்டிய தொழிலை ஒருவர் தலையில் ஏற்றியவர்கள் அவர் மட்டும் தாழ்த்தினார் என்பது நடுவுநிலையாகாது. விடுப்புப் பெற்று ஊர் திரும்பியிருப்பின் உடல்நலமாவது எஞ்சியிருக்கும். தொடங்கிய அளவுகள் இடையறுமே என்று அவர் அதனையும் விரும்பவில்லை.

1891-ஆம் ஆண்டு சூன் திங்களில், தம் அறுபத்திரண்டாம் வயதில், போக்சன் சென்னையிலேயே உயிர்நீத்தார். அவர் கண்டறிந்த சிறு கோள்கள் எட்டு. அவர் எஞ்சவிட்டுச் சென்ற குறிப்புகளை அவர்க்குப்பின் வந்த மைக்கி ஸ்மித் என்பவர் ஒழுங்குபடுத்தினார். ஐயாயிரத்திற்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் அடங்கிய பட்டியல் வெளிவந்தது. 1899-இல் வானாய்வுப் பணி கோடைக்கானல் மலைக்கு மாற்றப்பெற்றது. போக்சன் இறந்த அதே 1891-ஆம் ஆண்டின் டிசம்பரில் மாக்சு உல்ஃப் என்னும் செர்மானியர் புகைப்படத்தின் துணையால் ஒரு சிறு கோளைக் கண்டறிந்தார். அன்றுமுதல் தாளில் புள்ளிவரைந்து ஒப்புநோக்கும் பழைய முறை மெல்ல மறைந்தது. இன்று அறியப்பட்ட சிறு கோள்கள் பத்து இலட்சத்திற்கும் மேல். நுங்கம்பாக்கத்திலிருந்து அவர் ஒரு புள்ளியாகக் கண்ட சில்வியாவை இரு சிறு நிலவுகள் சுற்றிவருகின்றன என்பது 2005-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 1968-இல் கண்டறியப்பட்ட ஒரு சிறு கோளுக்குப் போக்சன் எனப் பெயரிடப்பட்டுள்ளது.

ஐசிசு அம்மையாரை அரச வானநூற் கழகத்தின் உறுப்பினராக்கப் போக்சன் 1886-ஆம் ஆண்டில் முன்மொழிந்திருந்தார். கழகத்தின் விதிகள் ஆண்களையே குறிக்கின்றன எனச் சட்டம் வல்லார் கூறவே, அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. 1920-ஆம் ஆண்டில், தந்தையார் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், அக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.